பயோசென்சர் என்றால் என்ன? அது எப்படி வேலை செய்கிறது?

நொதி போன்ற ஓர் உயிர்ப்பொருளைக் கொண்டு குறிப்பிட்ட ஒரு பொருளைக் கண்டறிந்து, அதன் அளவை எண்ணாகக் காட்டும் கருவியே பயோசென்சர்.

மயிலாப்பூர்க் கல்யாணங்களில் ஆரத்தித் தட்டின் மஞ்சள் நீர் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதுவும் ஒருவகை உணரிதான். சுண்ணாம்பிலுள்ள காரம் (அமிலத்துக்கு எதிரான பொருள்) இருப்பதைச் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. சர்க்கரை பார்க்கும் பட்டையில் மஞ்சளின் இடத்தில் நொதி இருக்கிறது: விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டை உறிஞ்சியதும், நொதி குளுக்கோஸோடு வினைபுரிய, அதில் வெளிப்படும் எலக்ட்ரான்கள் மெல்லிய மின்னோட்டமாகித் திரையில் எண்ணாகின்றன. நொதியை மாற்றினால் பாலில் யூரியாவையும் நீரில் பூச்சிக்கொல்லியையும் தேடலாம். நொதி ஈரத்தில் கெடும். சென்னைப் புழுக்கத்தில் பட்டை டப்பாவைத் திறந்து வைக்கலாகாது.

ரத்தச் சர்க்கரை ஆய்வகத்தில் 150, வீட்டில் 160 என்று வந்தால் கருவி பழுது எனப் பலர் கருதுகிறார்கள்; ஆனால் 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரையிலான வேறுபாட்டை, இக்கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197-ஏ ஏற்கிறது.