திரும்பி வந்த வண்டி

கேள்வி: 'சாகும்வரை எவனையும் மகிழ்ச்சியானவன் என்று சொல்லாதே' என்று கிரேக்க ஞானி சோலன் சொன்னதாகக் காலண்டர் தாளில் படித்தேன். உயிரோடு இருக்கும்போதே மகிழ்ச்சியாக இருக்கக் கூடாதா? அதற்கு என்ன வழி?

பதில்: காலண்டர் தாளில் பொன்மொழி அச்சிடுகிறவர்கள்மீது எனக்கு நெடுநாள் கோபம். கதையை வெட்டிப் போட்டுவிட்டு ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வரியில் 'மகிழ்ச்சி' என்ற பிழையும் சேர்ந்துகொண்டது. சோலன் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசவே இல்லை. பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸின் நூலில் அவர் சொல்லும் சொல் 'ஓல்பியோஸ்'. மகிழ்ச்சி காலையில் வந்து மாலையில் போய்விடும். ஓல்பியோஸ் முழு வாழ்க்கையையும் அளந்து சொல்லும் சொல். துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'நன்றாக வாழ்ந்த மனிதர்' என்கிறோமே, அதுதான் அதற்குக் கிட்டத்தில் வரும் தமிழ். எதிரே உட்கார்ந்து காபி குடிப்பவரைப் பார்த்து அப்படிச் சொல்வோமா? சொன்னால் அடிக்க வருவார்.

இன்றைய துருக்கியில் இருந்த லிடியா நாட்டு அரசன் குரோசஸ், தன் தலைநகரான சார்டிஸில் தன் கருவூலங்களையெல்லாம் சோலனுக்குத் திறந்து காட்டச் செய்து, 'நீர் கண்டவர்களில் பெரும்பேறு பெற்றவர் யார்?' என்று கேட்டான். தன் பெயர் வரும் என்று காத்திருந்தான். வந்தது டெல்லஸ் என்ற ஏதென்ஸ்காரரின் பெயர். நல்ல பிள்ளைகள், ஒருவரும் குறையாத பேரக்குழந்தைகள். எலூசிஸ் அருகே நடந்த போரில் பகைவரை விரட்டிவிட்டு இறந்தார். விழுந்த இடத்திலேயே ஊர்ச்செலவில் அடக்கம். அரசனுக்கு எரிச்சல். சோலன் கணக்குப் போட்டுக் காட்டினார்: மனித ஆயுள் 70 ஆண்டு, இடையிடையே வரும் அதிக மாதங்களையும் சேர்த்தால் 26,250 நாட்கள், அவற்றில் ஒரு நாளைப் போல் இன்னொரு நாள் இருப்பதில்லை. இன்றைய தேதியில் நீ அதிர்ஷ்டசாலி, அவ்வளவே என்றார். பின்னாளில் குரோசஸ் வேட்டையில் குறிதவறிய ஈட்டிக்கு மகனைக் கொடுத்தான், பாரசீகத்து சைரஸிடம் நாட்டைக் கொடுத்தான்.

ஆகவே நீங்கள் தாராளமாக மகிழ்ச்சியாக இருங்கள். சோலன் தீர்ப்பைத்தான் தள்ளிவைத்தார், சிரிப்பை அல்ல.

என் மனம் நிற்பது அவர் இரண்டாவதாகச் சொன்ன பெயர்களில். ஆர்கோஸ் நகரத்து அண்ணன் தம்பி, கிளியோபிஸும் பிட்டோனும். ஹீரா தேவியின் திருவிழாவுக்குத் தாய் வண்டியில் போக வேண்டும். வயலிலிருந்து மாடுகள் வந்து சேரவில்லை. பிள்ளைகள் நுகத்தைத் தங்கள் தோளில் வைத்துக்கொண்டு 45 ஸ்டேடியம் (கிரேக்கர்களின் தூர அளவு), ஏறக்குறைய 8 கிலோமீட்டர், இழுத்தார்கள். ஊர் ஆண்கள் பிள்ளைகளின் வலிமையைப் புகழ்ந்தார்கள், பெண்கள் தாயைக் கொண்டாடினார்கள். பூரித்துப்போன அவள் சிலைக்கு முன்னால் நின்று, மனிதனுக்குக் கிடைக்கக்கூடியதில் மிகச் சிறந்ததை என் பிள்ளைகளுக்குக் கொடு என்று வேண்டினாள். விருந்துண்டு கோயிலிலேயே படுத்த பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

டெல்ஃபி அருங்காட்சியகத்தில் இரண்டு பளிங்கு இளைஞர்கள் நிற்கிறார்கள். பலர் இவர்களையே அந்தச் சகோதரர்கள் என்கிறார்கள். இடக்கால் ஓர் அடி முன்னே, முழங்கைகள் சற்றே மடங்கி, இரண்டு கைகளிலும் இறுகிய முஷ்டி. இன்னும் எதையோ இழுத்துக்கொண்டிருப்பவர்களைப் போல.

தூக்கத்திலேயே வந்த அந்தச் சாவைத் தெய்வத்தின் கருணை என்று விளக்கம் எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போனதே இல்லை. அவள் வரம்தானே கேட்டாள்? தாய் கேட்டது இதையா? ஹெரோடோடஸ் அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. விடிந்ததும் பிள்ளைகளை எழுப்பத் தொட்டுப் பார்த்தது அவளா, வேறு யாராவதா, அதுவும் இல்லை. வீட்டுக்குத் திரும்புகிற அந்த 45 ஸ்டேடியமும் அவளுடைய வண்டியை யார் இழுத்தார்கள்?