சின்னவள் கல்யாணம் முடியட்டும் என்கிறார் அப்பா

கேள்வி: பாம்பனிலிருந்து எழுதுகிறேன். விசைப்படகு ஓட்டும் அப்பாவுக்கு வயது 66. வயிற்றுப் பெருந்தமனியில், அதாவது இதயத்திலிருந்து வயிறு வழியாக ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயில், வீக்கம். போன ஆண்டு 5.1 செ.மீ., இப்போது 5.7. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கச் சொல்கிறார்கள் மதுரை மருத்துவர்கள். "வலியே இல்லை, சின்னவள் கல்யாணம் முடியட்டும்" என்கிறார் அப்பா. கல்யாணத்துக்கான 4 லட்சம் ரூபாய் வைப்புநிதி ஆகஸ்டில்தான் முதிர்கிறது. அதுவரை பொறுக்கலாமா?

பதில்: வலி இல்லை என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தாதீர்கள், சகோதரி. இந்த வீக்கம் பெரும்பாலும் வெடிக்கும்வரை வெளியே தெரியாது. ஆண்களுக்கு 5.5 செ.மீ. வரை ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதுதான் பொதுவான வழக்கம். அப்பா அதைத் தாண்டிவிட்டார். இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்து, எத்தனை நாள் பொறுக்கலாம் என்று அறுவை நிபுணர் சொல்லட்டும். வைப்புநிதியின் தேதிக்கு அங்கே வேலையில்லை. வெடித்துவிட்டால் பிழைப்பவர்கள் குறைவு. பாம்பனிலிருந்து மதுரை 150 கிலோமீட்டருக்கும் மேல். அந்த நேரத்தில் அவர் கடலில் இருந்தால்? நினைக்கவே மனம் பதறுகிறது. அதுவரை கடலுக்குப் போகலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

பணத்துக்கு முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லையா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். மருத்துவமனையில் சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையா, தொடை வழியாக ஸ்டென்ட் வைப்பதா, இதில் எதற்கு எவ்வளவு கிடைக்கும் என்று அங்கேயே கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தால் சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மதுரைக்குப் போய்வரும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இப்போது போய்ப் புதிதாகத் தனியார் பாலிசி எடுப்பதில் பயனில்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்வார்கள். மறைத்து எடுத்தால் இழப்பீடே கிடைக்காமல் போகலாம்.

மீதித் தொகைக்கு வைப்புநிதியை உடைக்க வேண்டாம், அதன் மீதே கடன் வாங்குங்கள். வட்டி, வைப்புநிதி வட்டியைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். போதாவிட்டால் வங்கியில் நகைக்கடன். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி வாங்குபவரிடம் மட்டும் போகாதீர்கள். அவரிடம் 2 லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 9 சதவீத நகைக்கடன் என்றால் மாதம் 1,500. நள்ளிரவில் ஆம்புலன்ஸில் ஓடுகிற குடும்பத்துக்கு வட்டி பேரம் பேச நேரம் இருக்காது. உங்களுக்கு இன்று இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு எப்படியும் கரையில்தான் நிற்கும். அதற்குள் செய்யலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அதற்கும் முன்பே செய்ய வேண்டும் என்று அவர் சொன்னால், கூலி போகிறதே என்று தயங்காதீர்கள். அப்பாவிடம் தங்கையையே பேச வையுங்கள். யாருடைய கல்யாணத்துக்காகத் தள்ளிப்போடுகிறாரோ, அவள் சொன்னால் கேட்பார்.