இரண்டாவது டெர்முக்குக் கிளம்ப அழுகிறாள்

கேள்வி: வெளிநாட்டு போர்டிங் ஸ்கூலில் முதல் டெர்மை நன்றாகவே முடித்த மகள், விடுமுறை முடிந்து திரும்பிப் போக அழுகிறாளே, ஏன்?

பதில்: முதல் தடவை எல்லாமே புதுசு, அந்த ஆர்வத்திலேயே நாட்கள் ஓடிவிடும், இப்போதோ வீட்டை விட்டு இருப்பது எப்படி என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். இயல்பான அழுகைதான், பயப்படாதீர்கள். வகுப்பு தொடங்கும் முன்பே போய்ச் சேரட்டும். இரு நாட்டு நேரத்துக்கும் உள்ள ஒவ்வொரு 1 மணி நேர வித்தியாசத்துக்கும் உடம்பு பழக ஏறக்குறைய 1 நாள் பிடிக்கும், கிழக்கே பறந்தால் இன்னும் சிரமம், தூக்கம் கெட்ட பிள்ளைக்குச் சின்ன வருத்தமும் மலையாகத் தெரியும். அப்புறம், அவள் படுக்கப்போகும் நேரத்தில் போன் பேசாமல் சாயங்காலமே பேசிவிடுங்கள். விடுதிப் பொறுப்பாளரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் சரியாகவில்லை என்றால் மட்டும், தயவுசெய்து 'பழகிடும்' என்று விட்டுவிடாதீர்கள்.