கார்ட்லெஸ் டிரில்: வோல்ட்டைப் பார்ப்பதா, ஆம்பியர்-ஹவரைப் பார்ப்பதா?

வோல்ட் என்பது மோட்டாரை உந்தும் மின்னழுத்தம். ஆம்பியர்-ஹவர் என்பது பேட்டரியின் கொள்ளளவு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான்: உயரத்தில் இருந்தால் வேகமாக வரும், பெரிதாக இருந்தால் நெடுநேரம் வரும். இரண்டையும் பெருக்கினால் மொத்த ஆற்றல், வாட்-ஹவரில். 12 வோல்ட், 3 ஆம்பியர்-ஹவர் பேட்டரியிலும் 18 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரியிலும் இருப்பது அதே 36தான்.

திருகும் பலத்துக்கு டார்க் பாருங்கள், நியூட்டன்-மீட்டரில் போட்டிருக்கும். அப்புறம் விலை. மலிவாகத் தெரிந்தால் பேட்டரியும் சார்ஜரும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள், சில சமயம் வெறும் டிரில்லுக்கான விலையாக இருக்கும்.

'20 வோல்ட் மேக்ஸ்' என்றால் 18ஐ விடப் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டிலும் வரிசையாக ஐந்து லித்தியம் செல்கள்தான்: முழு சார்ஜில் செல்லுக்குச் சுமார் 4 வோல்ட் என்று எண்ணினால் 20, சராசரியாக 3.6 என்று எண்ணினால் 18.