இங்கிலாந்து மலைப்பகுதியில் சைக்கிள் பயணம்: மேட்டில் இறங்கித் தள்ளினால் கேவலமா?

இங்கிலாந்தின் மலைக் கிராமங்கள் வழியாகச் சில நாள் சைக்கிளிலேயே போக ஆசை, ஆனால் மேடுகளில் இறங்கித் தள்ள வேண்டி வந்தால் கேவலமாக இருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்காது. பதில் அவ்வளவுதான். ஆனால் கேள்வி எனக்கு உறைக்கிற இடத்தில் பட்டுவிட்டதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

நீங்கள் தினமும் உடற்பயிற்சி செய்கிறவர் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். செய்கிறவருக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை வெயிலடித்தால் ஆற்றோரமாக ஒரு சுற்று, வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குத் தைலம். நானும் அந்த ரகம்தான். இங்கே குடிவந்து வெகுகாலம் ஆகியும் மேடு என்றால் எனக்கு ஆகாது.

நானும் கணவரும் போனது ‘சி டு சி’ (Sea to Sea, கடலிலிருந்து கடலுக்கு) என்ற சைக்கிள் பாதையில். மேற்கே ஐரிஷ் கடலோரம் வைட்ஹேவனில் தொடங்கி, லேக் டிஸ்ட்ரிக்ட், வட பென்னைன் மலைகள் எல்லாம் ஏறி இறங்கி, கிழக்குக் கடற்கரையில் டைன்மவுத்திலோ சண்டர்லாந்திலோ முடியும். சுமார் 225 கிலோமீட்டர். 1994-ல் திறந்தார்கள். கிளம்பும்போது பின்சக்கரத்தை ஐரிஷ் கடலில் நனைக்க வேண்டும், முடிக்கும்போது முன்சக்கரத்தை வட கடலில். இது ஒரு சாங்கியம், எல்லாரும் செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். மேற்கிலிருந்து கிழக்கே போவதுதான் வழக்கம். காற்று பெரும்பாலும் முதுகுப் பக்கம் இருக்கும்.

முதல் பாதி உங்களைப் பயமுறுத்தாது. வின்லேட்டர் கணவாய் 318 மீட்டர்தான், அதுவும் மரநிழலில். கெஸ்விக்கிலிருந்து த்ரெல்கெல்ட் வரை பழைய ரயில் தடத்தில், கிரேட்டா ஆற்றை அங்கும் இங்கும் தாண்டித் தாண்டிப் போகலாம். 2015 டிசம்பர் புயல் வெள்ளத்தில் பாலங்கள் அடித்துக்கொண்டு போய், திருத்திக் கட்டி 2020 கடைசியில்தான் மறுபடி திறந்தார்கள். ரயில் ஓடிய தடம் என்பதால் மேடே தெரியாது. இதுதான் சைக்கிள் சுற்றுலா என்று நினைத்துக்கொண்டே பென்ரித் வந்துசேர்வீர்கள்.

அப்புறம் ஹார்ட்சைடு. 580 மீட்டர் உயரக் கணவாய். பேரைக் கேட்டு மிரள வேண்டாம், சாலை வளைந்து வளைந்து சீராக ஏறுகிறது. இருப்பதிலேயே லேசான கியரில் போட்டுக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டு மிதித்தால் ஏறிவிடலாம். நானே இறங்காமல் ஏறினேன். மேலே நின்றால் ஈடன் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் ஸ்காட்லாந்துப் பக்க மலைகளும். டீ கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், உச்சியில் இருந்த கஃபே 2018-ல் எரிந்துபோனது. பிளாஸ்க் கொண்டுபோங்கள். இன்னொன்று, வடகிழக்கிலிருந்து வந்து கிராஸ் ஃபெல் மலைச்சரிவில் இறங்கும் ஹெல்ம் விண்ட் என்ற காற்று இங்கே உண்டு. அது அடிக்கும் நாளில் முதுகுப் பக்கக் காற்றாவது ஒன்றாவது, நேராக முகத்தில்தான்.

நான் முதலில் இறங்கித் தள்ளியது காரிகில் கிராமத்தைத் தாண்டியதும். உயரம் பெரிதில்லை, செங்குத்து அதிகம். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை சீட்டில். பின்னால் பை கனம், இரண்டடி வைத்தால் பெடல் வந்து கெண்டைக்காலில் ஒரு இடி. தூறல் வேறு. முதுகில் நீலச் சாயம் பூசிய ஒரு ஆடு நடுரோட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது, வழி விடவே இல்லை. என்னைக் கடந்து ஒருவர் மிதித்துக்கொண்டு போனார். போனார் என்றால், நன்றாகக் குசலம் விசாரித்து முடிக்கிற அளவு நேரம் என் பக்கத்திலேயே இருந்தார். அவர் வேகத்துக்கும் என் வேகத்துக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு மேல்தான் பிளாக் ஹில், 609 மீட்டர். பிரிட்டனின் தேசிய சைக்கிள் பாதைகளிலேயே உயரமான இடம். அங்கே எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சென்னையிலிருந்து என் கணவரின் அண்ணன் உடனே எழுதினார்: “தள்ளிட்டுப் போனதெல்லாம் கணக்குல வராதும்மா.” அவர் விடிகாலையில் ஈசிஆரில் குழுவோடு ஓட்டுகிறவர். ஈசிஆரில் மேடு என்று எதைச் சொல்வது, வேகத்தடையையா? இந்தக் கணக்கு வைக்கிற புத்தி அவருக்குச் சைக்கிளோடு நிற்பதில்லை. மாமியாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தபோது விமானம் ஏறிப் போய்ச் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டு கூடவே இருந்தது நாங்கள். டிஸ்சார்ஜ் அன்று ஆப்பிள் பையோடு வந்து போட்டோ எடுத்துக்கொண்டவர் அவர். இன்றுவரை சொந்தபந்தத்தில் “பெரியவன்தான் பார்த்துக்கிட்டான்” என்றுதான் பேச்சு. சரி, அது வேறு கதை.

கணக்கு என்று வந்தால் ஸ்டான்ஹோப்புக்குப் போய்ப் பாருங்கள். ஊரை விட்டு வெளியேறும் க்ராலிசைடு மேடுதான் பாதையிலேயே கடுமையானது. 1834-ல் அங்கே சுண்ணாம்புக்கல் ஏற்ற ரயில் பாதை போட்டார்கள். அந்தச் சரிவில் என்ஜின் ஏற முடியாது என்று, நிலையான நீராவி எந்திரம் வைத்து வண்டிகளைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். ரயிலுக்கே கயிறு கட்டிய இடத்தில் நான் கையால் தள்ளியதை யார் குறை சொல்வது? அதை ஏறி முடித்தால் அதே ரயில் தடம் கான்செட் வரை ஏறக்குறைய இறக்கமாகவே கொண்டுபோய் விடும்.

உடம்பைவிட கியர் முக்கியம் என்பது என் கட்சி. பெடல் பக்கம் 22 பல், பின்சக்கரத்தில் 34 பல் உள்ள பழைய மவுண்டன் பைக்கில் ஒரு முழு மிதிக்குச் சக்கரம் மூன்றில் இரண்டு பங்குதான் சுற்றும். நடக்கிற வேகத்தில் ஏறலாம். பளபளவென்ற ரேஸ் சைக்கிளில் சக்கரம் ஒரு சுற்றுக்கும் மேலே போகும், அந்தச் சுமையை முழங்கால்தான் தாங்க வேண்டும். ‘பயிற்சி எடுத்தால் எதிலும் ஏறலாம்’ என்று எழுத யாராவது வருவார்கள். ஏறலாம்தான். கேட்டவர் பந்தயத்துக்குப் போகவில்லை, லீவுக்குப் போகிறார்.

பேட்டரி சைக்கிள் எடுங்கள், தப்பில்லை. பைகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், காசு கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பைகளை நாங்களே சுமந்தோம் என்பதால் உங்களையும் சுமக்கச் சொல்ல மாட்டேன்.

மே, ஜூனில் போனால் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், தள்ளித் தள்ளியாவது இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடலாம். சைவம் என்றால் அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், கூடவே சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் உண்டா என்றும் கேளுங்கள். வைட்ஹேவன் போகும் ரயிலில் சைக்கிளுக்கு இடம் குறைவு, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து ஏறுங்கள்.