ஜூனியரா, ஏஐயா?

கேள்வி: ஆறு பேர் கொண்ட சாஃப்ட்வேர் டீமுக்கு நான் லீட். இரண்டு ஜூனியர்களை எடுக்கலாம் என்றிருந்தோம். 'அதற்குப் பதிலாக ஆளுக்கொரு ஏஐ கோடிங் டூல் வாங்கிக் கொடுத்தால் போதாதா?' என்கிறார் மேனேஜர். என்ன சொல்வது?

பதில்: மேனேஜர் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. 2021-ல் கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ கோடிங் டூல் வந்தபோது அடுத்த சில வரிகளை ஊகித்துத் தருவதோடு சரி. இன்றைய டூல்கள் பத்து ஃபைல்களைத் திறந்து, திருத்தி, நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டையும் ஓட்டிவிட்டு வந்து நிற்கின்றன. ஒரு ஃபார்ம், டேட்டாவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஒரு ஸ்கிரிப்ட் என்றால், புதிதாகச் சேர்ந்தவர் அதனுடன் போட்டிபோட முடியாது. போடவும் வேண்டாம்.

ஆனால் நானே பட்ட ஒன்றைச் சொல்கிறேன். தேதிக் கணக்கில் ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகிக்கொண்டே இருந்தது. டூலிடம் 'சரிசெய்' என்றேன். இரண்டே நிமிடம், எல்லாம் பச்சை, அதாவது பாஸ். என்ன மாற்றியிருக்கிறது என்று பார்த்தால், நிரலில் கையே வைக்கவில்லை. டெஸ்ட் எதிர்பார்த்த தேதியை ஒருநாள் தள்ளிப்போட்டிருந்தது! ஒரு ஜூனியர் என்றால் அரைநாள் தலையைச் சொறிந்துவிட்டு, 'சர்வர் நம்ம நேரத்துல இல்லாம, யுடிசிங்கிற உலகப் பொது நேரத்துல ஓடுதே, அதனாலயா?' என்று வந்து கேட்டிருப்பார். ஜூனியரும் தப்பு செய்வார்தான். ஆனால் ஒருமுறை விளக்கினால் அடுத்த மாதமும் அது நினைவிருக்கும். டூலுக்கோ விதிகளைத் தனி ஃபைலில் எழுதிவைக்க வேண்டும்; அப்படியும் சில சமயம் நழுவவிடும்.

அப்புறம் வேகம். 2025-ல் மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை வைத்துச் சோதித்தது. ஏஐ துணையோடு செய்தபோது வேலைக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் மிச்சமானதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்! அது அவர்களுக்கு அத்துப்படியான நிரல். டூல்களும் அதற்குப்பின் மாறிவிட்டன. அதனால் இந்தக் கணக்கை மேனேஜர் முன் நீட்ட வேண்டாம். உங்கள் டீமில் டிக்கெட் வாரியாக, அதாவது ஒவ்வொரு வேலைக்கும், நேரத்தைக் குறித்துவையுங்கள், எழுதிய நிரலை ரிவியூ செய்ய ஆகும் நேரத்தையும் சேர்த்து.

என் யோசனை: இருவருக்குப் பதில் ஒரு ஜூனியர், கூடவே டூல். ஒரே நிபந்தனை, அவர் அனுப்பும் புல் ரெக்வெஸ்ட்டை (தன் மாற்றத்தை டீமின் நிரலில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை), டூல் எழுதியதே ஆனாலும், அவரே வரிவரியாக விளக்க வேண்டும். விளக்க முடியாத வரி மெர்ஜ் ஆகி அந்த நிரலில் சேரக்கூடாது. முதல் சில மாதங்கள் இதில் உங்கள் நேரம் நிறையப் போகும். அதையும் மேனேஜரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.