தொலைக்காட்சி நகைச்சுவையாளர் எழுதும் அரசியல் அங்கதப் புத்தகம் என்றால் என்ன?

அங்கதம் என்றால் சிரிக்கவைத்தே தப்பைச் சுட்டிக்காட்டுவது. பழியை மறைத்துச் சொல்வதைத் தொல்காப்பியமே 'பழிகரப்பு' என்கிறது.

அமெரிக்க நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர் டிவியில் ஒரு வேடம் போட்டார்: எதையும் சரிபார்க்காமல், தன் மனசுக்குப் பட்டதே உண்மை என்று அடித்துப் பேசும் அரசியல் விமர்சகர். 2007இல் வந்த அவருடைய புத்தகம் அந்த வேடத்தின் குரலில் எழுதியதுதான். ஏன் இந்தச் சுற்றுவழி? நேரடியாகத் திட்டினால் எதிர்த்தரப்பு காதைப் பொத்திக்கொள்ளும். அவர்கள் வாதத்தையே கொஞ்சம் நீட்டிப் பேசினால் ஓட்டை தானாகத் தெரியும்.

கடலூர்ப் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ராஜா வேடத்தின் பக்கத்திலேயே நின்று கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அடிக்கும் கிண்டலில் இன்றைய ஊர் நிலவரமும் வந்துவிடும். எனக்கு அவன்தான் கூத்தின் உயிர்.

அப்புறம், இப்படிப்பட்ட புத்தகத்தில் 'நான்' என்று வருவதை ஆசிரியரின் சொந்தக் கருத்தாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது வேடம் பேசுவது, அவர் நினைப்பது பெரும்பாலும் அதற்கு நேர் எதிர்.